வரப்போகும் குதிரைத்திறனும் வந்துவிட்ட பிரேக்கும்

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரின் சுங்கை காடுட் வட்டாரத்தில், மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இன்று உங்களோடு பேச அழைத்த நிலையத்தாருக்கு என் நன்றி.

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் இத்தாலியின் மிலான் நகரில் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் கண்காட்சி ஒன்று நடைபெறுகிறது. அது தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே, இங்கே உட்லண்ட்ஸ் கோப்பிக்கடைகளில் இரவு வேலை முடிந்து வந்து உட்காரும் இளைஞர்கள், இந்த நிறுவனம் இன்ன வண்டியைக் கொண்டுவரப் போகிறதாம், அதற்கு இத்தனை குதிரைத்திறனாம் என்று கைத்தொலைபேசியை ஒருவருக்கொருவர் காட்டிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதே நவம்பரில்தான் நமக்கு மழையும் அதிகமாகிறது. மிலானைப் பற்றிய பேச்சும் நம் சாலையில் இறங்கும் மழையும் ஒரே மாதத்தில் வருவதால்தான் இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுத்தேன்.

வதந்தி பேசுவது தவறென்று நான் சொல்ல வரவில்லை. எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் எந்த வதந்திக்கு எவ்வளவு காது கொடுக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. காப்புரிமைப் படம் ஒன்று வெளிவந்தால், உடனே வண்டி வரப்போகிறது என்று எண்ணிவிடுகிறோம். காப்புரிமை விண்ணப்பம் பொதுவாக, தாக்கல் செய்து 18 மாதங்கள் கழித்துத்தான் வெளியிடப்படுகிறது. ஆகவே நாம் இன்று பார்த்து வியக்கும் படம், ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு பொறியாளர் யோசித்தது. மற்றவர் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காகப் போட்ட வேலி அது. வேலிக்குள் வீடு கட்டுவார்களா என்பது வேறு கேள்வி.

2013ஆம் ஆண்டின் தோக்கியோ மோட்டார் கண்காட்சியை எண்ணிப் பாருங்கள். அங்கே சுசுகி, புகையின் விசையால் கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் டர்போ பொருத்திய 588 சிசி இயந்திரம் கொண்ட ‘ரிகர்ஷன்’ என்ற மாதிரி வண்டியை வைத்தது. அதே கண்காட்சியில் கவாசாகி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் பொருத்திய இயந்திரம் ஒன்றை மட்டும் தனியாக வைத்தது. கவாசாகியின் இயந்திரம் அடுத்த ஆண்டே நிஞ்ஜா எச்2 என்ற வண்டியாக வெளிவந்தது. ரிகர்ஷனோ இன்றுவரை விற்பனைக்கு வரவில்லை. மேடையில் நிற்பதை வைத்து மட்டும் எதையும் உறுதி செய்ய முடியாது. 2024ஆம் ஆண்டு மிலானில் ஹோண்டா காட்டிய, மின்சாரத்தால் இயங்கும் காற்றழுத்தி கொண்ட மூன்று சிலிண்டர் இயந்திரத்தைப் பற்றி எழுந்த பேச்சையும் நான் இந்தக் கணக்கை வைத்துத்தான் கேட்டேன். ஏதாவது ஒரு நாட்டின் புகை வெளியேற்றச் சான்றிதழ்ப் பட்டியலில் ஒரு வண்டியின் பெயர் ஏறிவிட்டதென்றால் மட்டும் நிமிர்ந்து உட்காரலாம். அந்தச் சான்றிதழ் சும்மா வாங்கப்படுவதில்லை.

வதந்திகள் எப்போதும் வேகத்தைப் பற்றியே பேசுகின்றன. சுசுகியின் ஹயபுசா 1999இல் வந்த வண்டி. அதன் மூன்றாம் தலைமுறை வருவதற்கு முன் பல ஆண்டுகள், இயந்திரம் பெரிதாகும், டர்போ வரும் என்றெல்லாம் பேசினார்கள். 2021இல் வண்டி வந்தது. இயந்திரம் அதே 1340 சிசி. குதிரைத்திறன் 197இலிருந்து 190 ஆகக் குறைந்திருந்தது. கோப்பிக்கடையில் பலருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அந்த வண்டியின் சாய்வையும் அசைவையும் ஆறு வகையில் அளக்கும் கருவி ஒன்று உள்ளே வந்திருந்தது. சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பத்து நிலைகளில் வந்திருந்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழற்சி நின்று பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், வளைவில் சாய்ந்திருக்கும்போதும் வேலை செய்யும்படி வந்திருந்தது. என்னைக் கேட்டால், அந்த ஆண்டின் பெரிய செய்தி அதுதான். நம் விரைவுச்சாலைகளில் அதிகபட்ச வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். கூடுதல் குதிரைத்திறனுக்கு இங்கே வேலையில்லை. பிரேக்குக்கோ ஒவ்வொரு மழையிலும் வேலை இருக்கிறது.

இதை எனக்கு நன்றாக உணர்த்திய ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஈசூனில் இருக்கிறார், வேலை துவாஸில். 2020ஆம் ஆண்டு கவாசாகி இந்தோனேசியாவில் 250 சிசியில் நான்கு சிலிண்டர் வண்டியை வெளியிட்டபோது, அடுத்து 400 சிசியிலும் ஒன்று வருகிறது என்ற பேச்சு கிளம்பியது. நம் ஊரில் 200 சிசி வரை கிளாஸ் 2பி உரிமம், அதற்கு மேல் 400 சிசி வரை 2ஏ என்பது உங்களுக்குத் தெரியும். 2பி உரிமம் பெற்று ஓராண்டாவது கழிந்த பிறகுதான் 2ஏ எடுக்க முடியும். அந்தத் தம்பி 2ஏ தேர்ச்சி பெற்றுவிட்டார். வரப்போகும் அந்த வண்டிக்காகப் பணமும் சேர்த்துக்கொண்டிருந்தார். அதுவரை ஓட்டியது ஏபிஎஸ் இல்லாத பழைய 150 சிசி வண்டி. வண்டியைச் சாலையில் வைத்திருக்க அனுமதி தரும் அதன் வாகன உரிமைச் சான்றிதழ் முடிய அதிக நாள் இல்லாததால், இதற்குப் போய் ஏன் புது டயர் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

ஒரு டிசம்பர் மாலை, நல்ல மழை. ஆயர் ராஜா விரைவுச்சாலையிலிருந்து வெளியேறும் கிளைச்சாலையில், வளைவு தொடங்குவதற்குச் சற்று முன்பு, முன்னால் போன வேன் வேகம் குறைந்தது. தம்பி முன் பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் அப்போது சாலையில் வரைந்திருந்த வெள்ளை அம்புக்குறியின் மேல் இருந்தது. கழுத்தெலும்பு முறிந்தது, உயிர் தப்பியது. வண்டியை எடுத்துவர நான்தான் போனேன். முன் டயரைத் தடவிப் பார்த்தேன். டயரின் பள்ளங்களுக்குள், தேய்மானத்தைக் காட்டுவதற்காக ஒரு சிறு மேடு வைத்திருப்பார்கள்; அந்த மேடும் டயரின் மேல்பரப்பும் ஒரே மட்டத்தில் இருந்தன. விரல் எங்கும் தட்டவில்லை. மருத்துவமனையில் பார்த்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்: “அண்ணே, லேசாகத்தான் பிடித்தேன்.”

அவர் சொன்னது உண்மை. ஈரமான பெயிண்டின் மேல், தேய்ந்த டயருக்கு லேசான பிடியே அதிகம். சுழற்சி நின்ற முன்சக்கரத்தால் வண்டியைத் திருப்பவும் முடியாது, நிமிர்த்தி வைத்திருக்கவும் முடியாது. ஏபிஎஸ் செய்வது இதைத் தடுப்பதுதான். சக்கரத்தின் நடுவில் வளையல் போன்ற ஒரு தகடு, சுற்றிலும் வெட்டுகளுடன் இருக்கும். பக்கத்தில் உள்ள உணரி அந்த வெட்டுகள் கடந்து போவதை எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை திடீரென்று விழுந்தால், சக்கரம் நிற்கப் போகிறது என்று அறிந்து, பிரேக்கின் அழுத்தத்தைச் சற்று விட்டு மீண்டும் கொடுக்கும். ஒரே நொடியில் பலமுறை இப்படிச் செய்யும். அந்தத் தம்பி விழுந்தபோது வண்டி ஏறத்தாழ நிமிர்ந்தே இருந்தது. ஆகவே சாதாரண ஏபிஎஸ் இருந்திருந்தாலே அவருக்கு உதவியிருக்கும் என்பது என் கருத்து. விலையுயர்ந்த எதுவும் தேவைப்பட்டிருக்காது.

பேசப்பட்ட அந்த 400 சிசி வண்டி, இசட்எக்ஸ்-4ஆர்ஆர் என்ற பெயரில் 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் அதை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஆளரவமற்ற தொழிற்பேட்டைப் பாதையில், 30 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்து முன் பிரேக்கை உறுதியாகப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார்; உடனே விட்டுவிட்டார். “அண்ணே, பிரேக் கெட்டுவிட்டது, கை உதறுகிறது” என்றார். கெடவில்லை. ஏபிஎஸ் வேலை செய்யும்போது, தையல் இயந்திரத்தின் மேல் கை வைத்ததுபோல் விரலில் ஒரு துடிப்பு வரும். அந்தத் துடிப்பை அறியாதவர் பயந்து பிடியை விட்டுவிடுவார். விட்டால் வண்டி நிற்காது. பத்து முறையாவது அவரை ஓட்ட வைத்தேன். கடைசியில் துடிக்கத் துடிக்கப் பிடித்தபடியே நிறுத்தினார். இதை நான் மறுபடியும் சொல்கிறேன்: உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருந்தால், அந்தத் துடிப்பை ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தில் உணர்ந்து வையுங்கள்.

சரி, சாய்ந்திருக்கும்போது என்ன ஆகிறது? டயரின் பிடிப்பை மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் திரும்புவதற்கே பெரும்பகுதி செலவாகிவிட்டால், பிரேக்குக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தெரிய, வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். எம்ஆர்டி ரயிலில் கண்ணை மூடி நின்றாலும், ரயில் புறப்படுவதும் வளைவதும் நமக்குத் தெரிகிறதல்லவா? நம் காதுக்குள் இருக்கும் உறுப்பு அதைச் சொல்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு அப்படி ஒரு உட்காது வைத்தார்கள். 2015ஆம் ஆண்டின் யமஹா ஆர்1 வண்டியில் அது நொடிக்கு 125 முறை கணக்குப் போட்டது. அதற்குச் சற்று முன்பே, வாகனக் கருவிகள் செய்யும் போஷ் நிறுவனம் சாய்வை அறிந்து பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டைக் கேடிஎம் 1190 அட்வென்சர் வண்டியில் கொண்டுவந்துவிட்டது. வதந்திப் பட்டியலில் இந்த உட்காதைக் குறிக்கும் ‘ஆறு அச்சு’ என்று ஒரு சொல் ஓரமாகக் கிடக்கும். அடுத்த முறை அதைத் தேடிப் படியுங்கள். அந்தத் தம்பி வாங்கிய வண்டியில் அது இல்லை. ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இவையெல்லாம் பெரிய வண்டிகளுக்குத்தானே என்று 2பி நேயர்கள் நினைக்கலாம். 1988இல் பிஎம்டபிள்யூ கே100 வண்டியில் முதன்முதலில் மின்னணு ஏபிஎஸ் வந்தபோது, அந்தக் கருவியின் எடை 11 கிலோ. பின்னர் போஷ் அதை ஏறத்தாழ 700 கிராமுக்குக் கொண்டுவந்தது. எடையும் விலையும் இறங்கியதால்தான், 2016இல் ஐரோப்பாவிலும் 2018இல் இந்தியாவிலும், 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வகை வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. நாம் ஓட்டும் சிறிய வண்டிகளில் பல இந்தியாவில் செய்யப்பட்டவை. கடைக்குப் போனால், ஏபிஎஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்; முன்சக்கரத்துக்கு மட்டுமா, இரண்டு சக்கரங்களுக்குமா என்று கேளுங்கள்.

ரேடாரைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன்; ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, இரண்டே நிமிடம் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பரில் அறிமுகமான டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4 வண்டியில் முன்னும் பின்னும் ரேடார் வந்தது. முன்னது முன்னால் போகும் வாகனத்தோடு இடைவெளியைக் காக்கும். பின்னது, கண்ணாடியில் தெரியாத இடத்தில் வாகனம் வந்தால் விளக்கைக் காட்டும். 2023இல் யமஹா, டிரேசர் 9 ஜிடி பிளஸ் வண்டியில், ஓட்டுநர் பிடிக்கும் பிரேக் போதாதபோது ரேடாரின் தகவலைக் கொண்டு கூடுதல் அழுத்தம் கொடுக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. தானாக நிறுத்தும் பிரேக்கை மோட்டார் சைக்கிளில் வைப்பது ஏன் கடினம் என்றால், எதிர்பாராமல் பிரேக் விழுந்தால் ஓட்டுபவர் முன்னால் தூக்கி எறியப்படலாம். காரில் இருப்பவரைப் போல அவருக்கு இருக்கை வார் கிடையாது. அதைப் பற்றிய காப்புரிமைப் படங்களும் வதந்திகளும் நிறைய உண்டு. இன்னொரு முறை அழைத்தால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நன்றி, வணக்கம்.