முப்படைக்கும் ஆர்டர் போடுறது யாரு?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் காலேஜ்ல பாதுகாப்பு ஆய்வியல் பாடம் எடுக்கிறேன், புது பேட்ச் வந்தா முதல் வாரத்துலயே யாராவது ஒரு பிள்ளை கேட்டுரும், "சார், சிடிஎஸ்தானே மூணு படைக்கும் பெரியவர், சண்டை வந்தா அவர்தானே ஆர்டர் போடுவார்?"னு. இல்லம்மா, போட மாட்டார்னு சொன்னா கிளாஸே ஒரு நிமிஷம் அமைதியாயிடும்.

சிடிஎஸ்னா முப்படைத் தலைமைத் தளபதி. 2019 ஆகஸ்ட் 15 அன்னிக்கு செங்கோட்டையில பிரதமர் அறிவிச்சு, 2020 ஜனவரி 1ல ஜெனரல் பிபின் ராவத் முதல் ஆளா பொறுப்பேத்தார். மூணு படையும் சேர்ந்த விஷயங்கள்ல பாதுகாப்பு அமைச்சருக்கு ஆலோசனை சொல்றது, ராணுவ விவகாரத் துறைக்குச் செயலாளரா இருக்கிறது, தளபதிகள் குழுவுக்கு நிரந்தரத் தலைவரா இருக்கிறது, இதெல்லாம் அவர் வேலை. ஆனா அந்தப் பதவியை உருவாக்கும்போதே அரசாங்கம் தெளிவா சொல்லிடுச்சு, மூணு படைத் தளபதிகள் உட்பட யார் மேலயும் அவருக்கு ராணுவ கமாண்ட் அதிகாரம் கிடையாதுன்னு. தரைப்படைக்கு அதோட தளபதி, கடற்படைக்கும் விமானப்படைக்கும் அததோட தளபதி, அவங்களுக்குக் கீழதான் கமாண்டுகள், அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் வேலைக்கும் பொறுப்பான பிரிவுகள்.

தரைப்படைக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3, ஆக மொத்தம் 17. இது அதிகமா கம்மியாங்கிறதை விட அதெல்லாம் எங்கெங்க இருக்குன்னு பாருங்க. கிழக்கு கமாண்ட்னு மூணு படைக்குமே ஒண்ணு இருக்கு, தரைப்படையோடது கொல்கத்தாவுல, விமானப்படையோடது ஷில்லாங்ல, கடற்படையோடது விசாகப்பட்டினத்துல. பேர் ஒண்ணு, ஊர் மூணு, பொறுப்புல இருக்கிற எல்லைக்கோடும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது, இந்த மூணு பேரும் ஒரே விஷயத்துல சேர்ந்து இறங்கணும்னா அவங்கவங்க டெல்லிக்குக் கேட்டு, டெல்லியில மூணு ஹெட்குவார்ட்டர்ஸும் பேசி, திரும்ப மூணு வழியா கீழ வரணும்.

1999 கார்கில்ல இதோட வலி தெரிஞ்சுது. மலை உச்சியில ஊடுருவல்காரங்க உக்காந்திருக்காங்க, தரைப்படை ஆயுதம் பொருத்தின ஹெலிகாப்டர் கேக்குது, விமானப்படை அரசியல் அனுமதி இல்லாம இறங்க முடியாதுங்குது, கடைசியில மே 26 அன்னிக்குத்தான் விமானத் தாக்குதல் ஆரம்பிச்சுது. யாரையும் குத்தம் சொல்ல நான் இதை எடுக்கல, ரெண்டு பக்கமும் அவங்கவங்க நியாயத்துலதான் பேசினாங்க, ஆனா ரெண்டு பேரையும் ஒரே டேபிள்ல உக்கார வெச்சு முடிவெடுக்க கீழ்மட்டத்துல ஒருத்தர் இல்ல. அதுக்கப்புறம் வந்த பரிசீலனைகள்ல பிறந்ததுதான் 2001ல போர்ட் பிளேர்ல ஆரம்பிச்ச அந்தமான் நிக்கோபார் கமாண்ட், நம்ம நாட்டோட முதல் முப்படைக் கமாண்ட்.

அங்க என்ன நடந்துச்சுங்கிறதைக் கொஞ்சம் கிட்ட போய் பாக்கணும், ஏன்னா எனக்கு முக்கியமா படுறது இதுதான். தளபதி கடற்படைக்காரர்னு வெச்சுக்குவோம், அவருக்குக் கீழ வேலை பாக்குற ஒரு விமானப்படை வீரர் ஒழுங்கீனமா ஏதோ பண்ணிட்டார். அப்போ தளபதியால தண்டிக்க முடிஞ்சுதா? முடியாது. தரைப்படைக்கு 1950 சட்டம், விமானப்படைக்குத் தனியா ஒரு 1950 சட்டம், கடற்படைக்கு 1957 சட்டம், ஒரு சட்டத்துக்காரர் இன்னொரு சட்டத்துக்காரர் மேல நடவடிக்கை எடுக்க வழியே இல்ல, அந்த ஆளை அவரோட சொந்தப் படைக்குத் திருப்பி அனுப்பித்தான் விசாரிக்கணும். கூட்டுக் கமாண்ட்னு போர்டு மாட்டியாச்சு, ஆனா தன்கிட்ட வேலை பாக்குறவனை ஒரு வார்த்தை கண்டிக்கக்கூட கோப்பு கடல் தாண்டிப் போகணும்னா அது என்ன கமாண்ட்? இதைச் சரி பண்ற சட்டம் 2023லதான் வந்துச்சு, ஆரம்பிச்சு 22 வருஷம் கழிச்சு. பேப்பர்ல சின்னதா ஒரு மூலையில வந்த அந்தச் செய்தியை நான் கத்தரிச்சு கிளாஸுக்கு எடுத்துட்டுப் போனேன்.

அமெரிக்காவுலயும் இப்படித்தான், பட்டுத்தான் திருந்தினாங்க. 1980 ஏப்ரல்ல ஈரான்ல பணயக்கைதிகளை மீட்கப் போனாங்க, கடற்படை ஹெலிகாப்டர், ஓட்டினவங்கள்ல பெரும்பாலும் மரீன்கள் (அது அங்க தனியா இன்னொரு படை), விமானப்படையோட பெரிய விமானங்கள், தரைப்படையோட கமாண்டோக்கள், கிளம்பின 8 ஹெலிகாப்டர்ல பாலைவனத்துல தேறினது 5, திட்டத்தைக் கைவிட்டுத் திரும்பற நேரத்துல ஒரு ஹெலிகாப்டர் விமானத்து மேலயே மோதி 8 பேர் செத்துப்போனாங்க. 1986ல சட்டமே கொண்டுவந்து, ஆர்டர் அதிபர்கிட்ட இருந்து பாதுகாப்புச் செயலாளர், அங்கிருந்து நேரா களத் தளபதின்னு ஆக்கிட்டாங்க. படைத் தலைவர்களோட வேலை ஆளைத் தயார் பண்ணிக் கொடுக்கிறதோட சரி. இன்னொரு காரியமும் பண்ணாங்க, வேற படையோட சேர்ந்து வேலை பாத்த அனுபவம் இல்லாம ஜெனரல் ஆக முடியாதுன்னு வெச்சாங்க. என்னைக் கேட்டா மத்ததை விட இதுதான் மனுஷங்களை மாத்துச்சு. ப்ரமோஷன் எந்தப் பக்கமோ மனசும் அந்தப் பக்கம்தானே.

நம்ம ஊர்லயும் 17ஐ சுருக்கி, ஒரு பகுதியில இருக்கிற மூணு படையும் ஒரே தளபதிக்குக் கீழ வர்ற தியேட்டர் கமாண்ட் கொண்டுவரணும்னு வருஷக்கணக்கா பேச்சு ஓடுது. விமானப்படைக்கு இதுல ஒரு தயக்கம் உண்டு, அதை ஏதோ ஈகோன்னு தள்ளிடாதீங்க. அனுமதிச்ச ஸ்குவாட்ரன், அதாவது போர் விமானக் குழு, 42, கையில இருக்கிறது அதை விட ரொம்பக் கம்மி, காலையில மேற்குல பறந்தது சாயங்காலம் கிழக்குல தேவைப்படும், இதைப் பங்கு பிரிச்சு ஆளுக்குக் கொஞ்சம்னு கொடுத்துட்டா அவசரத்துக்கு யாரு யார்கிட்ட கேக்குறது? நியாயமான கேள்வி. பதில் சொல்லாம கோடு போட்டா அப்புறம் கஷ்டம்.

ராவத் 2021 டிசம்பர் 8ல குன்னூர் பக்கத்துல விபத்துல போனப்போ, வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ்ல பேசத்தான் போயிட்டிருந்தார். அவர் போனதுக்கப்புறம் அந்த நாற்காலி 2022 செப்டம்பர் 30 வரைக்கும் காலியாவே இருந்துச்சு. அந்தக் காலேஜ்ல தரைப்படை மேஜரும் கடற்படை லெப்டினன்ட் கமாண்டரும் விமானப்படை ஸ்குவாட்ரன் லீடரும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஒரே கிளாஸ்ல உக்காந்து, ஒரே மேப் மேல குனிஞ்சு, சண்டை போட்டுச் சண்டை போட்டு ஒரே திட்டத்தை எழுதுவாங்க, படிப்பு முடிஞ்சதும் ஒருத்தர் கொல்கத்தாவுக்கு, ஒருத்தர் விசாகப்பட்டினத்துக்கு, ஒருத்தர் ஷில்லாங்குக்கு மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. நன்றி, வணக்கம்.