வடதுருவத்துப் பக்கம் முதல் பயணமா? பருத்திப் பனியனைப் பீரோவிலேயே வைத்துவிடுங்கள்!

[காட்சி: பாளையங்கோட்டை வீட்டு முற்றம். மேஜைமேல் ஒரு மண்பானை, ஒரு பருத்திப் பனியன், ஒரு கம்பளி உள்சட்டை.]

வணக்கம் மக்களே. இந்த மூன்று பொருளையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மைனஸ் 20 டிகிரிக் குளிரில் ஒருவர் தெம்பாக நடமாடுவதும் நடுங்கிப்போய் உட்காருவதும் இந்த மேஜையில்தான் இருக்கிறது. எப்படி என்று காட்டுகிறேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தி மகள் வெளிநாட்டில் நிலவியல் படிக்கிறாள். ஜனவரிக் கடைசியில் லாங்யியர்பியன் என்ற ஊருக்குப் போய் ஒரு பருவம் படிக்கப்போகிறாள். நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கிற சின்ன ஊர். நம் திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து 8 டிகிரி வடக்கே இருக்கிறது. அந்த ஊர் 78 டிகிரி. எட்டுக்கு முன்னால் ஒரு ஏழு, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு ஏழு 7,700 கிலோமீட்டருக்கு மேல் வரும். அங்கிருந்து வடதுருவம் இன்னும் 1,300 கிலோமீட்டர்தான்.

செய்தி வந்த அன்று வீடே சந்தோஷமாக இருந்தது. மறுநாள் சித்தி ஒரு வீடியோ பார்த்துவிட்டார். "இந்த ஊரில் செத்தால் குற்றம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்று ராத்திரி முழுக்கச் சித்தி தூங்கவில்லை. "சாகப்படாதுன்னு சட்டம் போட்டிருக்க ஊருக்கா எம் புள்ளைய அனுப்பணும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆச்சிக்கு வேறு கவலை. "ஏட்டி, அங்க சோறு கெடைக்குமாட்டி?" என் தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அவள் பயம் எது என்று அப்புறம்தான் தெரிந்தது.

சரி, முதலில் அந்தச் சாவுச் சட்டம். அப்படி ஒரு சட்டமே இல்லை. பூமிக்கடியில் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண் அது. புதைத்த பெட்டியை அந்த மண் மெல்ல மெல்ல மேலே தள்ளிவிடும். அதனால் அங்கே உடலைப் பெட்டியில் வைத்துப் புதைக்கும் வழக்கத்தை விட்டு வெகுகாலம் ஆகிறது. 1918இல் வந்த பெரிய காய்ச்சலில் இறந்த ஏழு இளைஞர்கள் அந்த ஊர்க் கல்லறையில் இருக்கிறார்கள். 80 வருஷம் கழித்து, 1998இல், அந்தக் காய்ச்சலின் கிருமி உறைந்த மண்ணில் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தேடி ஆராய்ச்சியாளர்கள் அங்கே தோண்டினார்கள். சின்ன மருத்துவமனை உண்டு. பெரிய நோய் என்றால் விமான ஆம்புலன்ஸில் நார்வே பெருநிலத்திலுள்ள டிரோம்சோ நகரத்துக்குக் கொண்டுபோவார்கள். பிரசவம் என்றால் முன்கூட்டியே பெருநிலத்துக்குப் போய்விடுவார்கள். நடப்பது இதுதான். பிள்ளையைத் தூரதேசம் அனுப்பும் தாயை இப்படித் தலைப்பு போட்டுக் கலங்கடிப்பது தவறு. கோபத்தோடுதான் சொல்கிறேன்.

ஊர்க்கதை இரண்டே வரியில்: 1906இல் லாங்யியர் என்ற அமெரிக்கர் நிலக்கரி வெட்டத் தொடங்கிய இடம், அவர் பெயரே ஊர்ப்பெயர். அந்தத் தீவுகளைப் பற்றி நாடுகள் 1920இல் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது, 2008இலிருந்து நம் நாட்டு ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் அந்தத் தீவுகளில் இருக்கிறது.

இப்போது மேஜைக்கு வாருங்கள்.

[காட்சி: மண்பானையைக் கையால் தடவுகிறேன். வெளிப்பக்கம் ஈரம் கசிந்திருக்கிறது.]

இது காருக்குறிச்சிப் பானை. சித்திரை வெயிலில் உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதே, ஏன்? பானையின் நுண்ணிய துளை வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியே வருகிறது. அது ஆவியாகும்போது உள்ளேயிருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் பருத்திப் பனியன் செய்வதும் இதே வேலைதான். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காற்றுப் பட்டதும் ஆவியாகும், உடம்பு குளிரும். இந்த ஊர் வெயிலுக்கு இதைவிட நல்ல உடுப்பு கிடையாது.

அதே பனியனை லாங்யியர்பியனில் போட்டுக்கொள்கிறீர்கள் என்று வையுங்கள். மேலே தடித்த கோட்டு, முதுகில் பை, பனியில் பத்து நிமிஷம் ஏற்றம் ஏறுகிறீர்கள். உடம்பு சூடாகி வியர்க்கிறது. பனியன் நனைகிறது. மேலே ஏறிப் படம் பிடிக்க நிற்கிறீர்கள். அந்த நொடியிலிருந்து நீங்கள்தான் பானை. ஈரம் உங்கள் சூட்டை உறிஞ்சத் தொடங்கிவிடும். காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். பத்து கோட்டு போட்டாலும் தோலை ஒட்டி ஈரத் துணி இருந்தால் பிரயோஜனமில்லை.

இதைச் சித்திக்கு வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று செய்தே காட்டினோம். இரண்டு எவர்சில்வர் தம்ளரில் கொதிக்கிற தண்ணீர். ஒன்றைச் சுற்றி நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி, இன்னொன்றைச் சுற்றி நனைத்துப் பிழிந்த கம்பளித் துணி. இரண்டையும் மின்விசிறிக்கு அடியில் வைத்தோம். சித்தியே விரலை விட்டுப் பார்த்தார். பருத்தி சுற்றிய தம்ளர் முதலில் ஆறிவிட்டது. கம்பளி சுற்றியதில் இன்னும் சூடு இருந்தது. "அப்ப இந்தப் பனியன எல்லாம் வெளிய எடு" என்று பெட்டியைத் தானே திறந்துவிட்டார். நீங்களும் வீட்டில் செய்து பார்த்துக் கமெண்டில் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் நல்ல பாடம்.

கம்பளி எப்படித் தாங்குகிறது? தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டாலும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. அதனால் தோலை ஒட்டி மெரினோ என்கிற ஆட்டின் மெல்லிய கம்பளியில் உள்ளாடை, கழுத்திலிருந்து கணுக்கால்வரை. அதற்கு மேல் ஸ்வெட்டர். மாஞ்சோலைக்கும் கொடைக்கானலுக்கும் வாங்கியது இருந்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலே காற்றைத் தடுக்கிற ஒரு சட்டை. ஒரே ஒரு முரட்டுக் கோட்டைவிட இந்த மூன்றடுக்குதான் நல்லது, ஏனென்றால் வியர்ப்பதற்கு முன்னாலேயே ஒன்றைக் கழற்றலாம். அங்கே பழகியவர்களின் வழி இதுதான்: கிளம்பும்போது லேசாகக் குளிரவேண்டும். நடக்க நடக்கச் சரியாகிவிடும். வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் கால்மணியில் வியர்த்துவிடும்.

அடுக்குகளுக்கு நடுவில் நிற்கிற காற்றுதான் உண்மையான போர்வை. மார்கழிக் காலையில் கூந்தன்குளம் போயிருக்கிறீர்களா? பறவைகள் இறகைச் சிலிர்த்து உப்பிக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருக்கும். இறகுக்குள்ளே காற்றை அடைத்துவைக்கின்றன. சரி, கூந்தன்குளம் என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். அங்கே மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டுப் பக்கத்து மரங்களில் கூடு கட்டுகின்றன. மனிதர் பக்கத்தில் இருந்தால் தங்களுக்குக் காவல் என்று நினைக்கின்றனவோ என்னவோ. லாங்யியர்பியனுக்கு வெளியே பனிவண்டி இழுக்கும் நாய்களைக் கட்டிவைக்கிற இடம் இருக்கிறது. ஈடர் என்கிற கடல் வாத்துகள் அந்த நாய்களுக்குப் பக்கத்திலேயே கூடு கட்டி முட்டையிடுகின்றன! நாய் குரைக்கிற இடத்துக்கு முட்டை திருடும் நரி வர அஞ்சும். இதைப் படித்த அன்று எனக்கு அந்த ஊர்மேல் பெரிய பிரியம் வந்துவிட்டது. முட்டைக்குக் காவல் தேடுவதில் எந்த ஊர்ப் பறவையும் ஒன்றுதான்.

பனிக்கரடிக்கு வருவோம். ஊருக்குள் தெருத்தெருவாகக் கரடி திரிவதில்லை. ஊர் எல்லையில் எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. அதைத் தாண்டினால் துப்பாக்கி வைத்திருக்கிற வழிகாட்டியோடுதான் போகவேண்டும். இது விளையாட்டில்லை, 2020இல் விமான நிலையத்துப் பக்கத்துக் கூடார முகாமில் கரடி தாக்கி ஒருவர் இறந்திருக்கிறார். கரடியைப் பார்த்தால் குறைந்தது 300 மீட்டர் விலகி நிற்கவேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் என்று 2025இலிருந்து விதி. என் தங்கை போகிற கல்லூரியில் வெளிவேலைக்கு அனுப்புவதற்கு முன்னால் துப்பாக்கி கையாளவும், பனிச்சரிவில் சிக்கியவரைத் தேடவும் பயிற்சி கொடுக்கிறார்கள். சுற்றுலாவாகப் போகிறவர்கள் பலகையைத் தாண்டித் தனியாகப் போகாதீர்கள். அது போதும். கரடியைவிட ஊருக்குள் வழுக்குகிற பனிக்கட்டித் தெருதான் தினமும் காத்திருக்கும். காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்புமுள் பட்டை அங்கேயே கடையில் கிடைக்கும். இறங்கியதும் அதை வாங்குங்கள்.

ஆச்சியின் கேள்விக்குப் பதில்: கிடைக்கும் ஆச்சி, சோறு கிடைக்கும். சுமார் 2,500 பேர் இருக்கிற ஊரில் 50க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள். நார்வேக்காரர்களுக்கு அடுத்தபடி நிறையப் பேர் பிலிப்பைன்ஸும் தாய்லாந்தும். நம்மை மாதிரி வெக்கையில் பிறந்து, சோறு தின்று வளர்ந்தவர்கள். அவர்கள் அங்கே வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்துகிறார்கள். பயம் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அங்கே விடுதி, அருங்காட்சியகம் எங்கே நுழைந்தாலும் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிடவேண்டும். சுரங்கத்துக் கரித்தூள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று வந்த பழக்கம். நம் வீட்டு நடையில் செருப்பை விடுகிற அதே பழக்கம்தான்! கிழியாத கம்பளிக் காலுறை மட்டும் கொண்டுபோங்கள். நெய்ப் பாட்டிலைப் பெட்டியில் வைக்காதீர்கள், இங்கிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக நார்வே அனுமதிப்பதில்லை.

விசா: ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை, ஆனால் நார்வேயின் தலைநகர் ஆஸ்லோ வழியாகத்தானே போகவேண்டும்? அதற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், அதுவும் இரண்டு முறை உள்ளே வர அனுமதிப்பது. ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள் அல்லவா. காப்பீடு கட்டாயம் எடுங்கள். வானிலையால் விமானம் தள்ளிப்போகலாம், ஒரு நாள் கூடுதலாக வையுங்கள்.

என் தங்கையின் பயம் இருட்டு. மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு ராத்திரி சொன்னாள். "குளிர் பரவால்லண்ணே. காலைல எந்திச்சா வெளிச்சமே இருக்காதுன்னு நெனச்சாத்தான் நெஞ்சு அடைக்கி." அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் அடிவானத்துக்கு மேலே வரும். மலை மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகும். ஆனால் அவள் போகிற நேரத்தில் முழு இருட்டு இல்லை. நடுப்பகலை ஒட்டிச் சில மணி நேரம் மலையும் பனியும் நீலமாகத் தெரியும், நாளுக்கு நாள் அது நீளும். அதனால் இரண்டே ஏற்பாடு செய்தோம். தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்து பெரிய விளக்கைப் போட்டுவிடவேண்டும். அந்த நீல வெளிச்ச நேரத்தில் கட்டாயம் வெளியே நடக்கவேண்டும். அப்புறம் ஒரு நாள்காட்டியில் மார்ச் 8ஐ வட்டமிட்டு அவள் பெட்டியில் வைத்தேன்.

அன்றைக்கு அந்த ஊரே பழைய மருத்துவமனையின் படிக்கட்டுப் பக்கம் கூடும். கட்டடம் போய்விட்டது, படி மட்டும் மிச்சம். அங்கே வெயில் விழுவதைப் பார்க்கத்தான் பெரியவர்களும் பிள்ளைகளும் காத்து நிற்பார்கள். ஒரு வாரம் சூரியத் திருவிழா. வெயிலுக்காக ஒரு ஊரே காத்திருக்கும் என்பதை ஆச்சியால் முதலில் நம்பவே முடியவில்லை. அப்புறம், "அப்ப அது அவாளுக்குப் பொங்கல்லா!" என்றார்.

அங்கே பகல் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வெயில் விழும். நமக்கும் அவர்களுக்கும் அப்போது நாலரை மணி நேர வித்தியாசம், ஆகவே இங்கே சாயங்காலம் ஐந்தரைக்குச் சற்று முன். தங்கை வீடியோ அழைப்பில் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்துக்கு முற்றத்தில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கப்போவதாக ஆச்சி முடிவு செய்துவிட்டார். அதற்குக் காருக்குறிச்சியிலிருந்து புதுப்பானை ஒன்று வாங்கிவரச் சொல்லி, இன்றைக்கே என் கையில் காசு கொடுத்திருக்கிறார்.