தந்திரம்னா சூனியமா? உங்க கோயில் ஐயரோட விரலைப் பாருங்க

[காட்சி: மலேசியா, கெடா மாநிலம், பீடோங். காலை நேரத்து ஒட்டுக்கடை. சாலைக்கு அந்தப் பக்கம் செம்பனை வரிசை.]

வணக்கம். நேத்து இந்தக் கடையில தே தாரிக் குடிச்சுக்கிட்டே, "அடுத்த வீடியோ தாந்திரீகம் பத்தி"ன்னு சொன்னேன். எதிர்ல இருந்த மாமா பிச்ச ரொட்டியை அப்படியே தட்டுல வச்சிட்டாரு. "ஏண்டா, உனக்கு வேற வேலை இல்லையா? அதெல்லாம் சுடுகாட்டு வேலை." பக்கத்துல இருந்த பையன் தலையைக் குனிஞ்சு சிரிச்சான். அவன் கூகுள்ல வேற எதையோ பாத்திருக்கான்.

மாமாவுக்கு மண்டையோடு, பையனுக்குப் படுக்கையறை. ஆனா ரெண்டு பேருமே தந்திர முறையை நேர்ல பலதடவை பாத்திருக்காங்க. கை கூப்பி நின்னு பாத்திருக்காங்க.

[காட்சி: கைத்தறி. பாவு நூல்கள் இழுபட்டு நிற்கின்றன.]

குழப்பம் நம்ம மொழியிலயே ஆரம்பிக்குது. தமிழ்ல தந்திரம்னா நரி வேலை. சமஸ்கிருதத்துல அந்தச் சொல்லுக்கு வேர் 'தன்'. விரிக்கிறது, நீட்டுறதுன்னு அர்த்தம். தறியில இழுத்துக் கட்டுற பாவுக்கும் அங்க தந்திரம்னு பேரு உண்டு. அதுலயிருந்து, ஒரு விஷயத்தை ஒழுங்கா விரிச்சுச் சொல்ற நூலுக்கும் அதே பேரு வந்துச்சு. நாமளும் புத்தகத்தை நூல்னுதானே சொல்றோம்?

திருமூலரோட திருமந்திரம் மூவாயிரம் பாட்டுக்கு மேல. அதை ஒன்பது தந்திரமாத்தான் பிரிச்சிருக்காங்க. மூணாவது தந்திரத்துல அட்டாங்க யோகம் வருது, நாலாவதுல மந்திரமும் சக்கரமும் வருது. தேவார வகுப்புல இதை மனப்பாடம் பண்ண எந்தப் பிள்ளையும் சூனியக்காரனா ஆகல.

[காட்சி: தோட்டத்து மாரியம்மன் கோயில். குருக்களின் கை, மிக அருகில்.]

இப்போ கோயிலுக்கு வாங்க. பால்மரம் (ரப்பர்) போயி செம்பனை வந்து, செம்பனையும் போயி தாமான்னு சொல்ற குடியிருப்பு வந்தும் இடம் மாறாம நிக்கிற கோயில் இது. ஐயர் பூசைக்கு உக்காருறாரு. விரல்களை மட்டும் பாருங்க. ஆள்காட்டி விரலால கட்டைவிரலைத் தடவுறாரு. அப்புறம் கட்டைவிரலால மத்த விரலை ஒவ்வொண்ணாத் தொடுறாரு. அதுக்கப்புறம் நெஞ்சு, தலை, குடுமி, தோள், கண். கடைசியா தலையைச் சுத்திச் சொடக்குப் போடுறாரு.

சின்ன வயசுல அவரு கொசு விரட்டுறாருன்னுதான் நான் நினைச்சேன். எங்க தோட்டத்துக் கொசு அப்படி.

அதுக்குப் பேரு நியாசம். மந்திரத்தை உடம்புல ஒவ்வொரு இடமா வைக்கிறது. சொடக்கு, எட்டுத் திக்கையும் கட்டுறதுக்கு. இதுக்கு முன்னால பூதசுத்தின்னு ஒண்ணு இருக்கு. தன் உடம்பு காஞ்சு, எரிஞ்சு, சாம்பலாகி, அமுதத்துல நனைஞ்சு புதுசா எழும்புறதா மனசுக்குள்ளயே பாக்கணும். தெய்வமா ஆகாதவன் தெய்வத்தைப் பூசிக்க முடியாதுங்கிறது இந்த மரபோட அடிப்படை. ஐயர் கண்ணை மூடி உக்காந்திருக்கற அந்த ரெண்டு நிமிஷத்துல நாம வாட்சாப் பாத்துக்கிட்டு இருப்போம்.

இந்த முறையெல்லாம் எங்க எழுதியிருக்கு? ஆகமத்துல, அதாவது கோயில், பூசை முறைகளைச் சொல்ற நூல்கள்ல. சைவ ஆகமம் 28. நம்ம பக்கத்துக் கோயில்ல அதிகமாக் கேக்குற பேரு காமிகம், காரணம். ஆகமமும் தந்திரமும் ஒரே குடும்பம். தத்துவத்தையும் மந்திரத்தையும் விரிச்சுச் சொல்லிக் காப்பாத்துறதால அதுக்குத் தந்திரம்னு பேருன்னு காமிகமே விளக்கம் சொல்லுது.

[காட்சி: கும்பாபிஷேக யாகசாலை. நூல் சுற்றிய குடங்கள்.]

பன்னெண்டு வருஷத்துக்கு ஒருதடவை கும்பாபிஷேகம் வருதே, அது தந்திர முறை முழுசையும் வெளிச்சத்துல போட்டுக் காட்டுற நாள். குடத்து மேல குறுக்கும் நெடுக்குமா நூல் சுத்தியிருக்கு பாருங்க. குடம் உடம்பு, நூல் நரம்பு, உள்ள இருக்கற தண்ணி ரத்தம், மேல தேங்காய் தலை. சிலையில இருக்கற சக்தியை முதல்ல இந்தக் குடத்துக்கு இறக்குவாங்க. யாகம் முடியறப்போ, யாகசாலையிலிருந்து மூலவர் வரைக்கும் ஒரு கயிறு கட்டி மறுபடி சேர்ப்பாங்க. சிலைக்கு அடியில எந்திரத் தகடு. சிலையும் பீடமும் சேருற இடத்துல அஷ்டபந்தன மருந்து. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய்னு எட்டுப் பொருளை உலக்கையால இடிச்சு இடிச்சுச் சேர்ப்பாங்க. போன தடவை எங்க கோயில்ல நானும் இடிச்சேன். ரெண்டு நாள் தோள்பட்டையைத் தூக்க முடியல.

இந்த மண்ணுக்கு இது நம்மளோட வந்த சரக்குன்னும் நினைக்காதீங்க. பீடோங்லயிருந்து கொஞ்ச தூரம் போனா மெர்போக், பூஜாங் பள்ளத்தாக்கு. அங்க 1960 வாக்குல தோண்டியெடுத்துத் திரும்பக் கட்டின பழைய புக்கிட் பத்து பாஹாட் கோயில்ல, குழி குழியா வெட்டின கல் பேழைகள் கிடைச்சது. குழிக்குள்ள உலோகமும் மணிக்கல்லும். கோயிலுக்குக் கருவா இப்படிப் புதைக்கிறதை ஆகமம் கர்ப்பநியாசம்னு சொல்லும். நம்ம பாட்டன் பூட்டன் கப்பல் ஏறுறதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே இது இங்க நடந்திருக்கு.

[காட்சி: செம்பனை ஓரம் முனியாண்டி கோயில். சுருட்டு, எலுமிச்சை, ஒரு பாட்டில்.]

"அப்போ முனியாண்டிக்குச் சாராயமும் சுருட்டும் வைக்கிறது?" அதைத் தந்திரம்னு சொல்றவங்க இருக்காங்க. இல்லீங்க. அது குலதெய்வப் படையல். தாத்தாவுக்குப் பிடிச்சதை இலையில வைக்கிறோமே, அந்தக் கணக்கு.

தந்திரத்துலயும் மது, மாமிசம், மீன், முத்திரை (வறுத்த தானியம்), மைதுனம் (புணர்ச்சி)னு அஞ்சு 'ம'காரம் பேசுற ஒரு பிரிவு உண்டு. இல்லைன்னு மறைக்க வேண்டியதில்லை. வாமாசாரம்னு பேரு. சிலர் பொருளாவே வச்சாங்க, சிலர் மனசுக்குள்ள உருவகமா வச்சாங்க. ஆனா அதைப் பேசுற குலார்ணவ தந்திரமே ஒரு போடு போடுது: கள் குடிச்சாச் சித்தி கிடைக்கும்னா, குடிகாரன் எல்லாம் சித்தனா ஆகியிருக்கணுமே! நம்ம திருமூலருக்கு அந்தப் பொறுமையும் இல்லை. "வாமத்தோர் தாமும் மதுவுண்டு மாள்பவர்"னு முடிச்சிட்டாரு.

அந்தப் பையன் பாத்த கூகுள் தந்திரம்? 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல அமெரிக்காவுல பியர் பெர்னார்ட்னு ஒருத்தர் தந்திர சபை நடத்தினாரு. அங்க அந்தச் சொல்லு அந்தரங்க விஷயமா பரவினதுல அவருக்குப் பெரிய பங்கு. அதே காலத்துல கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ரோஃப், ஆர்தர் அவலான்ங்கிற பேர்ல தந்திர நூல்களைப் பொறுமையா மொழிபெயர்த்துக்கிட்டு இருந்தாரு. எது அதிகமா வித்திருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

[காட்சி: மேசை மேல் ஒரு சின்னச் செப்புத் தகடு.]

மாமாவோட பயத்துக்கு வருவோம். வசியம், உச்சாடனம் (ஆளை விரட்டுறது), மாரணம் (சாகடிக்கிறது) எல்லாம் சில தந்திர நூல்ல இருக்கறது உண்மை. பெரிய கடல்ல அது ஒரு ஓரம். ஆனா நம்ம ஊர்ல பொழப்பு நடத்துறது அந்த ஓரத்தை வச்சுத்தான்.

எங்க அத்தைகிட்ட ஒரு சாமி சொன்னாரு: "வீட்டுல செய்வினை இருக்கும்மா. அதான் பொண்ணுக்கு வரன் அமையல." பரிகாரம் ஸ்ரீசக்கரத் தகடு. 1,800 வெள்ளி (ரிங்கிட்). அத்தை சீட்டு எடுத்துக் கொடுத்தாங்க.

அந்தத் தகடுதான் இது. கிட்டக் கொண்டு வரேன், பாருங்க. ஸ்ரீசக்கரத்துல மேல்நோக்கி நாலு, கீழ்நோக்கி அஞ்சுன்னு ஒன்பது பெரிய முக்கோணம். அது ஒண்ணையொண்ணு வெட்டிக்கிட்டு 43 சின்ன முக்கோணம் விழணும். நடுவுல புள்ளி. இதுல பெரிய முக்கோணம் ஆறுதான் இருக்கு. ரெண்டு கோடு பாதியில வழுக்கிப் போயிருக்கு, ஆணியால கீறின மாதிரி. நடுப்புள்ளியே இல்லை.

அத்தைகிட்ட எண்ணிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவங்களும் ஒருதடவை எண்ணினாங்க. "சரி, எறிஞ்சிடலாமா?"ன்னு கேட்டேன்.

"டேய், சீட்டுக் காசுடா அது"ன்னு சொல்லி, மைலோ டின்னுக்குள்ள போட்டு மூடி வச்சிட்டாங்க. வீடியோ எடுக்கணும்னு இன்னைக்குக் கடன் வாங்கிட்டு வந்திருக்கேன். சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்.