சமக்குறியிலிருந்து தொடங்குவோம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டில் நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுங்கள்: 8 கூட்டல் 4, சமக்குறி, ஒரு காலிக் கட்டம், கூட்டல் 5. கட்டத்தில் என்ன எண் வரும் என்று கேளுங்கள். பல பிள்ளைகள் தயங்காமல் 12 என்று எழுதுவார்கள். சிலர் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டி 17 என்பார்கள். சரியான விடை 7. அமெரிக்க ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிகளில் இதைக் கேட்டபோதும் 12, 17 என்ற இவ்விரு விடைகளே மிகுதியாக வந்தன.

பிள்ளைக்குக் கூட்டல் தெரியவில்லை என்பது இதன் பொருளன்று. இடப்புறம் கணக்கும் வலப்புறம் விடையுமாகவே ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகியதால், சமக்குறி என்பது 'இனி விடையை எழுது' என்னும் கட்டளையாக அந்தப் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிட்டது. ஆசிரியர்களாகிய நாமும் அவசரத்தில், 5 கூட்டல் 3 சமம் 8 கூட்டல் 2 சமம் 10 என்று கரும்பலகையில் ஒரே வரியாக எழுதிவிடுகிறோம். அந்த வரியை நம்பினால் எட்டும் பத்தும் சமம் என்றாகிவிடும். 1557-ஆம் ஆண்டில் தம் நூலின் வழியே இக்குறியை அறிமுகம் செய்த வேல்ஸ் நாட்டு ராபர்ட் ரெக்கார்டு, இணையான இரு கோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமானவை வேறில்லை என்று அதற்குக் காரணமும் எழுதினார்.

குறியின் இரு பக்கங்களும் ஒரே அளவு என்னும் இக்கருத்து ஊன்றாமல் சமன்பாட்டுக்கு வரும் மாணவர், 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்பதை மந்திரம்போல் மனப்பாடம் செய்கிறார். எக்ஸ் கூட்டல் 5 சமம் 12 என்னும்போது அந்த 5 எங்கும் போவதில்லை. தராசின் இரு தட்டுகளிலிருந்தும் ஒரே எடையை எடுப்பதுபோல, இரு பக்கங்களிலும் 5-ஐக் கழிக்கிறோம். சில வாரங்கள் இதை முழுமையாக எழுதிப் பழகிய பிறகு குறுக்குவழியைக் கற்றால் அதனால் தீங்கில்லை.

சமன்பாட்டில் வரும் எழுத்துகளிலும் இதுபோன்ற ஒரு வழுக்கல் உண்டு. 'ஏ என்றால் ஆப்பிள், 3ஏ என்றால் மூன்று ஆப்பிள்' என்று சொல்லித்தருவது எளிதாகத் தோன்றினாலும், எழுத்து ஒரு பொருளின் பெயர் என்னும் தவறான எண்ணத்தை அது விதைக்கிறது என்பதால் நான் அதை உறுதியாக எதிர்க்கிறேன். எழுத்து குறிப்பது எண்ணை. 12-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் 'பீஜகணிதம்' என்னும் தம் நூலில் தெரியாத அளவை 'யாவத் தாவத்' என்றார். நம் வழக்கில் சொன்னால் 'எவ்வளவோ அவ்வளவு'. அந்தச் சொல்லில் பொருளுக்கு இடமில்லை, அளவுக்கு மட்டுமே இடம்.

சரி, எழுத்தை எப்படி அறிமுகம் செய்வது? தீக்குச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்துக்கு 4 குச்சிகள். பக்கச் சுவரைப் பகிர்ந்துகொள்ளும்படி இன்னொரு சதுரத்தை ஒட்டினால் 7. மூன்றாவதையும் சேர்த்தால் 10. நூறு சதுரங்களுக்கு எத்தனை குச்சிகள் என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் சற்றுப் பேசாமல் இருக்க வேண்டும். எண்ணித் தீராது என்று கண்டதும் பிள்ளைகள் அமைப்பைப் பார்க்கத் தொடங்குவார்கள். ஒரு மாணவி, முதலில் ஒரு குச்சியை நிறுத்திவிட்டுச் சதுரத்துக்கு மூன்று மூன்றாகச் சேர்ப்பாள்: 1 கூட்டல் 300. இன்னொருவன், முதல் சதுரத்துக்கு 4, மீதி 99 சதுரங்களுக்கு மூன்று மூன்று என்பான்: 4 கூட்டல் 297. வேறொருத்தி, மேல் வரிசையில் 100, கீழ் வரிசையில் 100, நிற்கும் குச்சிகள் 101 என்று பிரிப்பாள். மூவருக்கும் கிடைப்பது 301.

இப்போது நூறு என்ற இடத்தில் 'எத்தனை சதுரங்களோ அத்தனை' என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த நீண்ட தொடரை எழுதி எழுதிக் கை சலித்த பிறகு அதற்கு 'என்' (n) என்ற ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுங்கள். மூன்று பிள்ளைகளின் மூன்று கோவைகளும் கரும்பலகையில் நிற்கும். அவற்றின் நடுவே ஆசிரியர் சமக்குறியை இடும்போது, எழுத வேண்டிய விடை என்று அங்கே எதுவும் மிச்சமிருக்காது. ஒரே குச்சிகளை மூவர் மூன்று விதமாகப் பார்த்ததை மட்டுமே அந்த இரு கோடுகள் சொல்லிக்கொண்டிருக்கும்.