ஜனநெருக்கமும் ரயில் கூட்டமும்: வட சென்னையிலிருந்து ஒரு கணக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

மெட்ரோவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "ஜனநெருக்கம் உள்ள ஊரில் ரயில் நிறையும், இல்லாத ஊரில் காலியாக ஓடும்" என்று ஒரு வாதம் வந்துவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இரண்டு ஊர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவின் பரப்பு 415 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சி 426. பரப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே 2019இல் இருந்தவர்கள் சுமார் 19 லட்சம் பேர். இங்கே 2011 கணக்கெடுப்பின்படியே 67 லட்சம். அதாவது நம் அடர்த்தி அவர்களைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். வியன்னாவின் சுரங்க ரயில் சுமார் 83 கிலோமீட்டர். 2019இல் அதில் ஏறக்குறைய 46 கோடி பயணங்கள். சென்னை மெட்ரோ 2024இல் 54 கிலோமீட்டர். அந்த ஆண்டு சுமார் 10.5 கோடி பயணங்கள். நீளத்தாலும் நாட்களாலும் வகுத்தால், அங்கே ஒரு கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு 15,000 பயணங்கள், இங்கே 5,300. வியன்னாவில் சீட்டைச் சரிபார்க்கும் தானியங்கி வாயிலே கிடையாது, எண்ணிக்கையைக் கணித்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வித்தியாசத்தைக் கழித்தாலும் இந்த இடைவெளி அடைபடாது.

ஆக, அடர்த்தி மட்டும் ரயிலை நிரப்புவதில்லை. அங்கே 2012இல் ஆண்டுச் சீட்டின் விலையை 365 யூரோ ஆக்கினார்கள். ஒரே சீட்டில் சுரங்க ரயில், டிராம், பஸ், நகர எல்லைக்குள் ஓடும் புறநகர் ரயில் எல்லாம் அடக்கம். 2019இல் எட்டு லட்சம் பேருக்கு மேல் அந்தச் சீட்டை வைத்திருந்தார்கள்.

அடுத்து, அடர்த்தி என்று நாம் சொல்லும் எண்ணையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். 2011இல் மாநகராட்சி எல்லை 174லிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பழைய எல்லையில் சதுர கிலோமீட்டருக்கு 26,000க்கு மேல் இருந்த அடர்த்தி, விரிந்த எல்லையில் 16,000க்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு வீடும் இடம் மாறவில்லை. வகுக்கும் எண் மாறியது, அவ்வளவுதான்.

வட சென்னையில் இந்தக் கோளாறு இன்னும் பெரிது. மணலி சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம், கொருக்குப்பேட்டை யார்டு, கொடுங்கையூர் குப்பைமேடு எல்லாமே பரப்புக் கணக்கில் சேருகின்றன. அங்கே யாரும் குடியிருப்பதில்லை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு வார்டு 1 சதுர கிலோமீட்டர், அதில் 60,000 பேர். பக்கத்து வார்டு 5 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி ஆலை நிலம், 30,000 பேர். மொத்தமாக வகுத்தால் அடர்த்தி 15,000. ஆனால் ஒவ்வொரு வார்டின் அடர்த்தியையும் அங்கே வாழும் ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கி, கூட்டி, மொத்த ஜனத்தொகையால் வகுத்தால் 42,000 வருகிறது. சராசரி மனிதர் தன்னைச் சுற்றி உணரும் நெருக்கம் இந்த 42,000தான். ஊருக்கு ஊர் ஒப்பிடுவதாக இருந்தால் இந்த முறையில்தான் ஒப்பிட வேண்டும். ஹாங்காங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த நிலத்தால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 7,000 பேர்கூடத் தேறாது, ஏனென்றால் பெரும்பகுதி மலையும் காடும். ஜனம் வாழ்வதோ ஒடுங்கிய பட்டைகளில். ரயிலும் அந்தப் பட்டைகள் வழியேதான் போகிறது.

இப்போது நிலையத்துக்கு வருவோம். திட்டமிடுகிறவர்கள் வழக்கமாக நிலையத்தைச் சுற்றி 800 மீட்டர் வட்டம் போடுவார்கள், பத்து நிமிட நடை என்று. அதன் பரப்பு 2 சதுர கிலோமீட்டர். தெரு வளைந்து போவதால் நடக்கும் தூரம் நேர்க்கோட்டைவிட 1.3 மடங்கு ஆனாலே, உண்மையில் எட்டும் பரப்பு 1.2 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். காலடிப்பேட்டையிலும் திருவொற்றியூர் தேரடியிலும் அந்த வட்டத்தின் கிழக்கே ஒரு பங்கைக் கடல் எடுத்துக்கொள்கிறது. மேற்கே ரயில் பாதை குறுக்கே நிற்கிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் பத்து நிமிட நடை எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மழை பெய்து தண்ணீர் தேங்கினால் கணேசபுரம் சுரங்கப்பாதை நிலைமையும் அதுதான். வரைபடத்தில் வட்டத்துக்குள் இருக்கும் வீடு, காலால் நடந்தால் வட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. அந்த வீட்டில் இருப்பவரையும் அடர்த்திக் கணக்கில் சேர்த்துவிட்டு, அவர் மெட்ரோவுக்கு வரவில்லை என்று குறை சொல்வது நியாயமே இல்லை.

பயணத்துக்கு இரண்டு முனை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. குடியிருப்பு அடர்த்தி ஒரு முனை. வேலை இருக்கும் இடம் மறுமுனை. பாரிமுனைக்கும் மண்ணடிக்கும் வேலைக்குப் போகிறவருக்கு மெட்ரோ வாசல் வரை உதவும். மணலி ஆலைக்கு ஷிப்டுக்குப் போகிறவருக்கு அந்த முனையில் நிலையமே இல்லை.

எண்ணும் முறையும் ஊருக்கு ஊர் வேறு. டெல்லியில் ஒருவர் மூன்று தடம் மாறிப் போனால் மூன்று பயணமாக எண்ணுகிறார்கள். வாயிலில் நுழைவதை மட்டும் எண்ணும் ஊரில் அதே பயணம் ஒன்றுதான். இதைச் சரிசெய்யாமல் இரண்டு ஊர்களைப் பட்டியலில் அடுத்தடுத்து வைப்பது வீண் வேலை.

நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் மெட்ரோ நீண்டது. ஆனால் கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில் அதற்கு முன்பிருந்தே தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், மெட்ரோவில் 10. மாதச் சீட்டு எடுத்தால் புறநகர் ரயில் இன்னும் மலிவு. தினக்கூலிக்காரர் எதில் ஏறுவார்? அவரும் ரயில் பயணிதான். மெட்ரோ எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர் கணக்கிலேயே வரமாட்டார். பெருந்தொற்றுக்கு முன் நாளொன்றுக்கு 70 லட்சம் பேருக்கு மேல் ஏறிய மும்பை புறநகர் ரயிலை ஒதுக்கிவிட்டு, மெட்ரோவை மட்டும் வைத்து மும்பையை எடைபோடுவாரா யாராவது? வட சென்னைக்கு மட்டும் அப்படிச் செய்கிறார்கள்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் தடம் மூலக்கடை, பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி வழியாக வருகிறது. பெரம்பூரில் புறநகர் ரயிலும் அதைச் சந்திக்கும். அங்கே இரண்டு பிளாட்பாரத்துக்கும் நடுவே நடக்கும் தூரம் எத்தனை மீட்டர், படி எத்தனை, லிப்ட் எந்தப் பக்கம் இறங்குகிறது, வியாசர்பாடியிலிருந்து வரும் மினி பஸ் எந்த வாசலில் நிற்கும் என்ற கேள்விகளை நிலையம் திறப்பதற்கு முன்பே நம் கவுன்சிலர்களிடம் கேளுங்கள். திறந்த பிறகு வாசல் வாரியாக, மணி வாரியாக ஏறியவர், இறங்கியவர் எண்ணிக்கையையும் புறநகர் ரயில் எண்ணிக்கையையும் சேர்த்து வெளியிடச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.