கேடயத்தின் பின்பக்கம்

அவைத்தலைவர் அவர்களே, விடுமுறை நாளின் மாலைப் பொழுதை இந்த அரங்குக்கென ஒதுக்கி வந்திருக்கும் திரைப்பட அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2011-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்த ‘கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்’ என்ற படத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் அன்று சொன்ன, இன்றும் சொல்லிவருகிற கருத்துகளை எடுத்துப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஜோ ஜான்ஸ்டன் இயக்கத்தில் கிறிஸ் எவன்ஸ் நடித்த அந்தப் படத்தின் கதை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர் நடக்கிறது. புரூக்ளினைச் சேர்ந்த ஸ்டீவ் ரோஜர்ஸ் என்ற நோஞ்சான் இளைஞன், ஊர்ப் பெயரை மாற்றி மாற்றி எழுதிக்கொடுத்துப் படையில் சேர முயல்கிறான். ஒவ்வொரு முறையும் உடல்தகுதி இல்லையென்று திருப்பி அனுப்பப்படுகிறான். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த எர்ஸ்கின் என்ற விஞ்ஞானி அவனைத் தேர்ந்தெடுத்துத் தம் மருந்தைச் செலுத்துகிறார். அவன் பெருவலிமை பெற்று, தன் நாட்டுக் கொடியின் நிறங்களையே உடையாக உடுத்திக்கொண்டு போருக்குப் போகிறான்.

கொடியை உடுத்திய நாயகன் என்பதிலேயே பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படைகள் நின்றுகொண்டிருந்த நேரத்தில் இப்படி ஒரு படமா, இது வெறும் பிரசாரம் என்று ஒரு சாரார் ஒதுக்கினார்கள். சூழ்ச்சியோ கசப்போ இல்லாத ஒரு நல்லவனைத் திரையில் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று மறு சாரார் நெகிழ்ந்தார்கள். படத்தை வெளியிட்டவர்களுக்கே அந்தப் பெயரில் ஓர் அச்சம் இருந்திருக்கிறது. ரஷ்யா, உக்ரைன், தென்கொரியா ஆகிய மூன்று நாடுகளில் ‘கேப்டன் அமெரிக்கா’ என்ற முன்பாதியை நீக்கிவிட்டு, ‘தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்’ என்ற பின்பாதியை மட்டும் வைத்து வெளியிட்டார்கள். சுமார் 14 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 37 கோடி டாலரைத் தொட்ட அந்தப் படத்தின் வசூலில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு அமெரிக்காவிலிருந்து மட்டும் வந்தது.

இந்த இரண்டு சாராரிடமும் எனக்கு ஒரே குறைதான். இருவருமே கொடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒருவருக்குக் கொடி பிடிக்கவில்லை, மற்றவருக்குப் பிடித்திருக்கிறது. படத்துக்குள்ளேயே ஒரு பார்வையாளர் கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டம் அந்தக் கொடியுடையைப் பார்த்து என்ன கருத்துச் சொல்லிற்று என்பதை இரு சாராருமே போதிய அளவு கவனிக்கவில்லை. இன்று நான் பேச வந்தது அவர்களைப் பற்றித்தான்.

அதற்கு முன் அந்த உடை பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். ஜோ சைமன், ஜாக் கர்பி என்ற இரண்டு யூத இளைஞர்கள் உருவாக்கிய அந்தக் காமிக்ஸின் முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைகளுக்கு வந்தது. அட்டையில் 1941 மார்ச் என்று அச்சிட்டிருந்தது. கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் தாடையில் ஓங்கிக் குத்துவதுதான் அட்டைப்படம். அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த ஜப்பானியத் தாக்குதல் பேர்ள் ஹார்பரில் நடந்தது 1941 டிசம்பர் 7 அன்று. ஆகவே அந்தக் குத்து விழுந்தபோது அமெரிக்கா போரில் இல்லை. ஐரோப்பியரின் சண்டை நமக்கெதற்கு என்று சொன்னவர்கள் அந்த நாட்டில் பெருந்திரளாக இருந்தார்கள். அட்டைப்படத்தைக் கண்டு கொதித்தவர்களிடமிருந்து மிரட்டல்கள் வந்தன என்றும், நியூயார்க் மேயர் லா கார்டியா தாமே தொலைபேசியில் அழைத்துப் பாதுகாப்புக்கு உறுதி கூறினார் என்றும் சைமன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அரசு சொல்லி வரைந்த படமல்ல அது. அரசு வாய் திறக்கத் தயங்கிய நேரத்தில், ஏழை யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் இருவர் பேசிய பேச்சு. பிரசாரம் என்ற ஒற்றைச் சொல்லால் இந்த நாயகனை மூடிவிடுகிறவர்கள் இந்தத் தேதிகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிப் படத்துக்கு வருகிறேன். ஸ்டீவுக்கு வலிமை கிடைத்த அன்றே எர்ஸ்கின் சுட்டுக் கொல்லப்படுகிறார். மருந்தின் இரகசியமும் அவரோடு போய்விடுகிறது. ஒரே ஒரு வீரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கும் இராணுவம், அவனை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப் பார்க்கிறது. அப்போது ஒரு செனட்டர் அவனை மேடைக்கு அழைத்துப் போகிறார். போர்க்கடன் பத்திரம் விற்பதற்காகக் கொடியுடையை மாட்டி, ஆட்டக்காரிகளுக்கு நடுவே நிறுத்துகிறார்கள். முதல் நாள் மேடையில் ஸ்டீவுக்குப் பேச்சு வரவில்லை. சற்று உற்றுப் பாருங்கள்: அவன் கண்கள் அடிக்கடி தாழ்ந்து கேடயத்தின் உட்புறத்துக்குப் போகின்றன. அவன் பேச வேண்டிய வரிகளைத் தாளில் எழுதி அங்கே ஒட்டிவைத்திருக்கிறார்கள். கூட்டத்துக்குத் தெரிகிற பக்கத்தில் நட்சத்திரமும் கோடுகளும். அவனுக்குத் தெரிகிற பக்கத்தில் யாரோ எழுதிக்கொடுத்த வசனம். தேசப்பற்று எப்படி உற்பத்தி செய்யப்படுகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சியை வேறெந்தச் சூப்பர் ஹீரோ படத்திலும் நான் பார்க்கவில்லை.

அந்தப் பத்திரங்கள் கற்பனை அல்ல. பதினெட்டே முக்கால் டாலருக்கு வாங்கினால் பத்தாண்டு கழித்து 25 டாலர் தரும் ‘ஈ’ வரிசைப் பத்திரங்கள் அன்று வீடுதோறும் விற்கப்பட்டன. போர் முடிவதற்குள் ஏறத்தாழ எட்டரைக் கோடி அமெரிக்கர்கள் அவற்றை வாங்கியிருந்தார்கள். உண்மையான படைவீரர்களும் அவற்றை விற்க மேடை ஏறினார்கள். 1945 பிப்ரவரி 23 அன்று இவோ ஜிமா தீவில் கொடி நடும் வீரர்களை ஜோ ரோசென்தால் எடுத்த புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் இருந்தவர்களில் உயிரோடு எஞ்சியவர்கள் என்று மூன்று பேரை ஊர் ஊராக அழைத்துச் சென்று பத்திரம் விற்கவைத்தார்கள். அவர்களில் இருவர் அந்தப் படத்தில் இருப்பவர்களே அல்லர் என்பதை அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை 2016-இலும் 2019-இலும் ஒப்புக்கொண்டது. மேடைக்கு ஆள் தேவைப்பட்டபோது எவ்வளவு அவசரம் இருந்திருக்கிறது பாருங்கள்.

ஸ்டீவின் மேடைப் பயணம் ஊருக்கு ஊர் வளர்கிறது. கைதட்டல் பெருகுகிறது, பிள்ளைகள் கையெழுத்துக் கேட்கிறார்கள், மேடையில் ஹிட்லர் வேடமிட்டவரை அவன் தினமும் குத்தி வீழ்த்துகிறான். அதாவது, அந்த 1940 அட்டைப்படமே இங்கே நாடகமாகிவிட்டது. பிறகு 1943 நவம்பர், இத்தாலி; போர்முனையிலிருந்து ஐந்தே மைல். அதே உடை, அதே வசனம். எதிரே அமர்ந்திருப்பவர்கள் படைவீரர்கள். யாரும் கை தட்டவில்லை. ஆட்டக்காரிகளைத் திரும்ப அனுப்பு என்று கத்துகிறார்கள். தக்காளி பறந்து வருகிறது; அவன் கேடயத்தைத் தூக்கித் தடுக்கிறான்.

படத்தின் உயிர் அந்த இடத்தில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிகழ்ச்சி முடிந்த பிறகு மழையில் ஒதுங்கி உட்கார்ந்து, கொடியுடை போட்ட சர்க்கஸ் குரங்காகத் தன்னையே வரைந்துகொண்டிருக்கும் ஸ்டீவிடம் பிரிட்டிஷ் அதிகாரி பெக்கி கார்ட்டர் வந்து ஒரு செய்தி சொல்கிறாள். அசானோவில் எதிரியை எதிர்கொண்ட இருநூறு பேரில் ஐம்பது பேர்கூடத் திரும்பவில்லை. உன் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களில் மிச்சப்பட்டவர்கள். அந்தச் செய்திக்குப் பிறகு அந்தக் கூச்சலின் பொருளே மாறிவிடுகிறது. நேற்று வரை தங்களோடு உண்டு உறங்கியவர்களைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்களின் முன்னால், ஒருவன் இறுக்கமான உடையில் நின்று வீரத்தைப் பற்றி வசனம் பேசியிருக்கிறான். அவர்களைவிடத் தகுதியுள்ள பார்வையாளர்கள் இந்தப் படத்துக்கு வெளியிலும் கிடையாது. வெறும் பிரசாரம் என்று இந்தப் படத்தைத் தள்ளுகிறவர்கள் சொல்லும் அதே கருத்தைப் படமே அந்த வீரர்களின் வாயால் சொல்லிவிட்டது. சொன்னதோடு, அவர்கள் சொன்னது சரி என்றும் ஒத்துக்கொண்டது.

அன்றிரவே ஸ்டீவ், மேலதிகாரியின் உத்தரவை மீறி, எதிரியிடம் சிறைப்பட்ட வீரர்களை மீட்கப் புறப்படுகிறான். மேடை உடைக்கு மேல் ஒரு தோல் சட்டை, தலையில் ஆட்டக்காரி ஒருத்தியிடமிருந்து எடுத்துக்கொண்ட தலைக்கவசம், கையில் அதே நாடகக் கேடயம். உடை மாறவில்லை, கேடயத்தின் பின்னால் எழுதிக்கொடுத்தவன் மட்டும் இப்போது இல்லை. அஞ்சாமல் போரிடும் தறுகண்மை வேறு, துன்புற்றவருக்கு உதவும் ஊராண்மை வேறு என்று நம் முன்னோர் பிரித்துவைத்த வேறுபாடு இங்கே கண்முன் நிற்கிறது. அந்த ஊராண்மை அவனுக்கு மருந்தால் வந்ததும் அல்ல. பயிற்சி முகாமில் ஒரு போலிக் கையெறிகுண்டை வீசியபோது வாட்டசாட்டமானவர்கள் எல்லாம் சிதறி ஓட, எலும்பும் தோலுமாக இருந்த அவன் மட்டும் அதன் மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டு, மற்றவர்களை விலகிப் போகச் சொன்னானே, அன்றே அவனிடம் இருந்தது.

இந்த அளவுக்கு நேர்மையாக இருந்த படம் அதே நேர்மையைக் கடைசிவரை காக்கவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். முதல் பாதி அருமை, இரண்டாம் பாதி ஒட்டவில்லை என்று ஏராளமான பார்வையாளர்கள் சொன்னார்கள். ஏன் ஒட்டவில்லை? நாஜிகள் பெரும்பாலும் பின்னுக்குப் போய், ஹைட்ரா என்ற கற்பனை அமைப்பு முன்னுக்கு வந்துவிடுகிறது. அவர்களுடைய ஆயுதத்திலிருந்து நீல ஒளி பாய்கிறது. பட்டவன் காற்றில் கரைந்து காணாமல் போகிறான். இரத்தம் இல்லை, உடல் இல்லை, புதைக்க யாரும் இல்லை. இத்தாலியில் அந்த ஐம்பது பேரின் முகங்களைக் காட்டிக் கனமாக்கிய போரை, பிணமில்லாத போராக மாற்றியதும் கதை இலேசாகிவிட்டது. ஓடும் இரயிலிலிருந்து நண்பன் பக்கி விழுந்த பிறகு, குண்டுவீச்சில் சிதைந்த மதுக்கடையில் ஸ்டீவ் தனியே உட்கார்ந்து குடித்துப் பார்க்கிறான். மருந்தேறிய அவன் உடலில் போதை ஏறவில்லை. துக்கத்தை மறக்கக்கூட வழியில்லாமல் அவன் இருக்கிற அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் போரின் கனம் திரும்பி வருகிறது.

இதைவிட என்னை வருத்துவது மற்றொன்று. மீட்புக் காட்சியில் சிறைக்கூண்டிலிருந்து வெளிவரும் வீரர்களில் ஜிம் மொரிட்டா என்ற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரும் இருக்கிறார். இவனையுமா கூட்டிப்போகிறோம் என்கிற தொனியில் ஒருவர் கேட்க, மொரிட்டா தம் கழுத்து அடையாளத் தகட்டை உயர்த்திக் காட்டி, நான் ஃபிரெஸ்னோக்காரன் என்கிறார். திரையரங்கில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஃபிரெஸ்னோ என்ற அந்தக் கலிஃபோர்னிய நகரம் என்ன ஊர் என்று பிறகுதான் படித்தேன். 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066-ஆம் உத்தரவால் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடுவாசலை விட்டு அகற்றப்பட்டார்கள். அவர்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை அடைத்துவைத்த தற்காலிக முகாம்களில் ஒன்று அதே ஃபிரெஸ்னோவின் பொருட்காட்சித் திடலில் இருந்தது. மொரிட்டா உண்மை மனிதராக இருந்திருந்தால், அந்தத் தகட்டை அவர் உயர்த்திக் காட்டிய வேளையில் அவருடைய தாயும் தந்தையும் முள்வேலிக்குள் இருந்திருப்பார்கள். படம் காட்டும் அதே 1943 நவம்பரில், ஜப்பானிய வம்சாவளியினரைக் கொண்ட 100-ஆவது காலாட்படைப் பட்டாலியன் இத்தாலியில் உயிரைக் கொடுத்துப் போரிட்டுக்கொண்டிருந்தது. கேப் ஜோன்ஸ் என்ற கறுப்பின வீரரும் ஸ்டீவின் குழுவில் தோளோடு தோள் நிற்கிறார். படைகளில் நிறப் பிரிவினையை ஒழிக்க அதிபர் ட்ரூமன் உத்தரவிட்டதோ 1948 ஜூலையில்தான். அதற்கு முன் அந்த இராணுவத்தில் கறுப்பினத்தவர் தனிப் படைப்பிரிவுகளில் வைக்கப்பட்டிருந்தார்கள்.

காமிக்ஸ் கதையில் வரலாற்றுப் பாடமா கேட்கிறீர்கள் என்று சில இளைஞர்கள் என்னிடம் கேட்டதுண்டு. பாடம் கேட்கவில்லை. பத்திர விற்பனை மேடையைப் பொய் என்று காட்டத் துணிந்தவர்கள், ஒற்றை வரி கூடுதலாக எழுதி அந்த முள்வேலியையும் காட்டியிருக்கலாம் என்கிறேன். அது கதைக்குப் பொருந்தாது என்றும் சொல்ல முடியாது. ஸ்டீவுக்கு வலிமை தந்த ‘சூப்பர் சோல்ஜர்’ மருந்தைக் கறுப்பின வீரர்கள் மீதும் சோதித்துப் பார்த்து, அவர்களை மறைத்துவிட்டார்கள் என்ற கதையை 2003-லேயே அந்தக் காமிக்ஸ் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. அதில் வந்த ஐசாயா பிராட்லி என்ற முதியவரை 2021-இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலும் கொண்டுவந்தார்கள். அவர் அந்தக் கேடயத்தைக் கண்டு முகம் திருப்புவதைப் பார்த்தபோது, இத்தாலியில் கூச்சலிட்ட வீரர்களின் வரிசையில் அவரையும் நான் சேர்த்துக்கொண்டேன்.

நிறைவாக, ஜாக் கர்பியிடம் திரும்புகிறேன். அவர் 1943-இல் படைக்கு அழைக்கப்பட்டு, 1944 ஆகஸ்டில் நார்மண்டிக் கரையில் இறங்கினார். இவர் கேப்டன் அமெரிக்காவை வரைந்தவர் என்று அறிந்த அதிகாரி, எல்லோருக்கும் முன்னே போய் எதிரியின் நிலைகளை வரைந்துகொண்டு வரும் வேலையை அவரிடம் கொடுத்தார் என்று கர்பியே கூறியிருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் கால்கள் இரண்டும் உறைந்துபோய், வெட்டி எடுக்க நேருமோ என்ற நிலையில் மருத்துவமனையில் கிடந்து மீண்டார். 1994-இல் மறைந்த அவர் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. படம் வந்தபோது 97 வயதில் இருந்த சைமன், அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார். வீட்டுக்குப் போய் நீங்கள் இந்தப் படத்தை மறுமுறை போட்டுப் பார்த்தால், அந்த இத்தாலியக் காட்சி வரும்போது, சேற்றில் உட்கார்ந்து மேடையை அண்ணாந்து பார்க்கும் வீரர்களின் நடுவே, உறைந்த கால்களோடு கர்பியையும் உட்காரவைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.