பிடி அரிசியும் சட்டாம்பிள்ளையும்

(வடசென்னையில் உள்ள ஒரு கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவில் அதன் தலைமை ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தாளாளர் அவர்களே, ஆயர் அவர்களே, என்னோடு உழைக்கும் ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, முன்னாள் மாணவர்களே, என் அன்புப் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தேர்ச்சி, விளையாட்டு, கலைப் போட்டிகள் ஆகியவற்றைப் பற்றிய ஆண்டறிக்கை சற்று முன்பு இதே மேடையில் வாசிக்கப்பட்டுவிட்டது. அவற்றை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. இந்த ஆண்டு ஊர் மக்கள் நம் பள்ளிக்கு எவ்வளவோ செய்தார்கள். அவர்கள் செய்தது நம் பிள்ளைகளுக்குள் என்ன வேலை செய்தது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

நம்முடையது அரசு உதவி பெறும் பள்ளி. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களின் ஊதியத்தை அரசு தருகிறது. பாடநூலும் மதிய உணவும் தருகிறது. கட்டடம், கழிப்பறை, குடிநீர், காவலாளி, துப்புரவு என்று மற்றவை பெரும்பாலும் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆகவே இத்தகைய பள்ளிகள் எந்தக் காலத்திலும் சுற்றி வாழும் மக்களின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோறு போடுவதிலும் இந்த நகரத்துக்கு நீண்ட மரபு உண்டு. 1920இல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. காமராசர் 1956இல் அதை மாநிலத்துக்கு விரித்தார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக வளர்த்தார். 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் வந்தது. 2025 ஆகஸ்டு 26 முதல் நகர்ப்புறங்களில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது கிடைக்கிறது. அந்த நாளில் இங்கிருந்த ஆசிரியர் அனைவரும் மகிழ்ந்தோம்.

ஆயினும் அத்திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஏப்ரல் மாதம் வரை காலையில் சூடான பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை, ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு நம்மிடம் வரும்போது வெறும் வயிற்றோடு வருகிறது. பதினொரு வயதில் பசி குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. தாய் விடியும் முன்பே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போயிருப்பாள். தந்தை இரவு வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார். காலை வழிபாட்டில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் நாம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்புகிறோம். மயங்கி விழாமல் மூன்றாம் பாடவேளை வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அந்தப் பிள்ளையைத்தான் பாடத்தில் கவனமில்லை என்று நாம் கண்டிக்கிறோம். நானும் அப்படிக் கண்டித்திருக்கிறேன் என்பதை வருத்தத்தோடு இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு வழி கண்டவர்கள் நம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார். நம் முன்னோர் வீட்டில் உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைத்து அதை ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிடி அரிசிக் காணிக்கை என்ற அந்தப் பழக்கம் தென் மாவட்டச் சபைகளில் பலருக்கும் நினைவிருக்கும். மற்றச் சமயத்தாரிடமும் பிடி அரிசி உண்டு. ஆகவே பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளியிலேயே சமைத்துப் போட, இதைச் சபைக்குள் மட்டும் வைத்துக்கொள்ளாமல் தெரு முழுவதும் கேட்டோம். கேட்டவுடன் வந்தது. பள்ளிவாசல் தெருவைச் சேர்ந்த பெரியவர்கள் நோன்புக் கஞ்சி காய்ச்சும் தேக்சா ஒன்றைக் கொடுத்து, நோன்பு மாதம் தவிர மற்ற மாதமெல்லாம் அது உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இராயப்பர் எனப்படும் புனித பேதுருவின் பெயரால் இராயபுரம் என்று அழைக்கப்படும் ஊருக்குப் பக்கத்தில், பள்ளிவாசல் பாத்திரத்தில், அம்மன் கோயில் தெருப் பெண்கள் கொடுத்த அரிசி வேகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைகிறது.

முதல் வாரத்தில் ஒரு சிக்கல் வந்தது. பிடி அரிசி வீட்டுக்கு வீடு வேறு. ரேஷன் புழுங்கலும் பொன்னியும் பச்சரிசியும் ஒரே சாக்கில் வந்து சேர்ந்தன. அப்படியே உலையில் இட்டால் ஒன்று குழைந்துவிடும், மற்றொன்று விறைத்து நிற்கும். சமைக்க வந்த தாய்மார்கள் தயங்கி நின்றபோது, அவர்களில் மூத்தவர் ஒருவர், எல்லா அரிசியும் ஒத்துப்போகிற இடம் கஞ்சிதான் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் பயறு போட்ட கஞ்சியும் துவையலும். மற்ற நாட்களில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமை வாங்கும்போதே வகை பிரித்து வைத்த அரிசியில் பொங்கல்.

இந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். அரசின் விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்புடன் நின்றுவிடுவதால், ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் துணி வாங்க முடியாத பிள்ளைகளுக்குச் சென்ற ஜூன் மாதம் நல்ல உள்ளம் கொண்ட சிலர் துணி வாங்கித் தந்தார்கள். நன்றி தெரிவிக்க வேண்டும் என்ற எண்ணத்தில், அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்து, துணியைக் கையில் கொடுத்து, ஒவ்வொருவரையும் புகைப்படம் எடுத்தோம். நிகழ்ச்சி நன்றாக நடந்தது என்றே நான் நினைத்தேன். மறுநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, துணிப் பொட்டலம் பிரிக்கப்படாமலே பரணில் இருந்தது. அந்தப் படம் கைப்பேசிகளில் தெருவெல்லாம் சுற்றியிருந்தது. அவள் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை, தலையைக் குனிந்தபடியே நின்றாள். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்க வேண்டும் என்ற வேத வசனத்தை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிற நாங்கள், இரண்டு கைகளுக்கும் படம் எடுத்துக் காட்டியிருந்தோம்.

அன்று முதல் முறையை மாற்றினோம். இப்போது தையல் தெரிந்த தாய்மார்கள் பள்ளிக்கு வந்து ஒன்பதாம் வகுப்பு முழுவதற்கும் அளவு எடுக்கிறார்கள். எல்லாத் துணியும் ஒரே நாளில், ஒரே மாதிரி உறையில் வீட்டுக்குப் போகிறது. பணம் கட்டியவர் யார், கட்டாதவர் யார் என்பது அலுவலக எழுத்தர் ஒருவருக்கே தெரியும். எனக்குக்கூடத் தெரியாது, தெரிந்துகொள்ள நான் கேட்டதும் இல்லை. உதவி செய்தவர்களிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். அவர்களில் எவரும் வருத்தப்படவில்லை. ஒருவர் மட்டும் தம் சிறு வயதில் தமக்கும் இப்படி நேர்ந்ததுண்டு என்று சொல்லிக் கண் கலங்கினார்.

உதவி பெறுகிற பிள்ளையை மறைவில் காப்பது ஒரு பாதி. அந்தப் பிள்ளையும் கொடுக்கிற இடத்தில் நிற்க வழி செய்வது மற்றொரு பாதி. இரண்டாவது பாதியை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது இந்த நகரத்தின் சொந்த வரலாறு.

நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். மணலில் விரலால் அரிச்சுவடி எழுதும் சிறு பிள்ளைகளுக்கு, சற்றே மூத்த பிள்ளையான அவன் சொல்லிக் கொடுப்பான். 1789இல் எழும்பூரில், இராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இப்படி மணலில் எழுதும் பள்ளி ஒன்றை வழியில் கண்டார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவனான ஜான் ஃபிரிஸ்கினிடம் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். சாதாரண சிப்பாய் ஒருவரின் மகனான அச்சிறுவன் அதைச் செய்து காட்டினான். 1797இல் பெல் லண்டனில் இதைப் பற்றி எழுதி வெளியிட, அது மதராஸ் முறை என்ற பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச் சென்ற செல்வத்தால் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே அழைக்கப்படுகிறது. நம் தெருத் திண்ணையில் இருந்த ஒரு வழக்கம் கடல் கடந்து போய் ஊர்ப் பெயரோடு நிற்கிறது.

அம்முறையின் குறையையும் மறைக்கக் கூடாது. ஆசிரியருக்கு ஊதியம் கொடுப்பதை மிச்சப்படுத்தும் குறுக்கு வழியாகச் சிலர் அதைக் கொண்டார்கள். பொருள் விளங்காமல் ஒப்பிப்பதே படிப்பு என்றும் பல இடங்களில் ஆகிவிட்டது. பழைய சட்டாம்பிள்ளைகள் சிலர் கையில் பிரம்பும் இருந்தது. ஆகவே மாலை நான்கரை மணி முதல் ஆறு மணி வரை நாம் நடத்தும் படிப்பு வேளையில் ஆசிரியர் ஒருவர் கட்டாயம் உடனிருக்கிறார். பிரம்புக்கு அங்கே இடமில்லை. ஒரே அறையில் ஐந்து பேரும் ஒரு தொலைக்காட்சியும் இருக்கிற வீட்டில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? அதனால் பள்ளிக் கூடத்தைத் திறந்து வைத்தோம். துறைமுகத்திலும் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கும் நம் முன்னாள் மாணவர்கள் முறை வைத்து வந்து வாசலில் காவல் இருந்து, படிப்பு முடிந்ததும் பிள்ளைகளை வீடு சேர்த்தார்கள். மின்விசிறிகளும் அவர்கள் கொடுத்தவையே. உள்ளே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது, படிப்பில் பின்தங்கியவர்கள் என்று நாம் எண்ணியிருந்தவர்களிடம் வந்த மாற்றம். ஒற்றுப் பிழை இல்லாமல் ஒரு பத்தி எழுதத் தெரியாத மாணவன் ஒருவன், தன்னிடம் படிக்கும் சிறுவன் ஏன் இங்கே வல்லினம் மிகுகிறது என்று கேட்டுவிட்டதால், தமிழாசிரியரைத் தேடி வந்து விதியைக் கேட்டுக்கொண்டு போனான். மூன்றாண்டுகளாக அதே விதியை வகுப்பில் கேட்டவன்தான் அவன். கேட்பதற்கு அவனுக்கு அதுவரை ஒரு காரணம் இருக்கவில்லை. அரிசிக் கணக்கிலும் இதையே கண்டோம். எத்தனை பேருக்கு எத்தனை படி, நாளைக்கு நாற்பது பேர் கூடினால் எவ்வளவு என்று நோட்டில் போட்டுப் பார்க்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விகிதக் கணக்கு பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வந்து உலையில் கொதித்தது.

பொட்டலத்தைப் பரணில் வைத்திருந்த அந்த மாணவி இந்தப் படிப்பு வேளைக்கு வர முதலில் மறுத்தாள். பிறகு வந்தாள். டிசம்பர் மழையில் பள்ளி விடுமுறை விட்ட நாட்களில், தன்னிடம் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்திருக்குமோ என்று முழங்கால் நீரில் நடந்து போய்ப் பார்த்து, அவர்களுடைய புத்தகங்களைத் தன் வீட்டுக்கு எடுத்து வந்து காய வைத்திருக்கிறாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. நாங்கள் அறிந்ததே பொங்கல் விடுமுறைக்குப் பிறகுதான். அவள் பெயரை இந்த மேடையில் நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

உதவி செய்த அனைவருக்கும் தனித்தனியே நன்றி சொல்ல வேண்டியது என் கடமை. அதைக் கடிதங்களில் செய்திருக்கிறேன். அக்கடிதங்களைப் பிள்ளைகளே எழுதினார்கள். எங்களுக்கு உதவினீர்கள் என்று எழுதாமல், நீங்கள் கொடுத்த அரிசியில் நாங்கள் என்ன சமைத்தோம், விசிறியின் கீழ் யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தோம் என்று எழுதியிருக்கிறார்கள். வாங்கியவர்கள் படித்துப் பாருங்கள்.

இனி ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. நம் பிள்ளைகளில் கணிசமானோரின் வீடுகளில் வருமானம் அறுந்துபோகும் காலம் அது. பள்ளி திறக்கும் நாளும் அதற்குள்ளேயே வருகிறது. சென்ற ஆண்டு நாம் அடுப்பு மூட்டியதோ ஆகஸ்டு மாதத்தில். இந்த முறை முதல் நாளே அடுப்பு எரிய வேண்டும். மே மாதம் ஊருக்குப் போகிறவர்களும் தங்கள் கலயத்தைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போக அன்போடு கேட்டுக்கொள்கிறேன். பொதுத் தேர்வு எழுதப் போகும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களிடம் இருந்த பொருளறைச் சாவியை நேற்று ஒன்பதாம் வகுப்பிடம் கொடுத்துவிட்டார்கள். அரிசி நோட்டு வாசலருகே மேசையில் இருக்கிறது. பெயர் எழுதிக்கொள்ள அங்கே பிள்ளைகள் நிற்கிறார்கள். போகும்போது அவர்களிடம் ஒரு நிமிடம் நின்று பேசிவிட்டுப் போங்கள்.

வணக்கம்.